வாத்தின் பல்லிடுக்கு

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். என் முழங்கால் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காராதே என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லச் சொன்னாள். நர்ஸ் சொன்னால் கேட்கவேண்டும், நானே கேட்கிறேன்.

நீ வாத்து என்று பெயர் வைத்த என் பெண்ணின் பிறந்தநாளுக்கு நீ பெரிதாக்கி அனுப்பிய படம் உடையாமல் வந்து சேர்ந்தது. போன நீச்சல் போட்டி முடிந்து குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே, என் போனில் எடுத்தேனே, அதா இது என்று நம்பவே முடியவில்லை. ஹாலில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டேன். நேற்று எங்கள் கண்டக்டர் டீ குடிக்க வந்தவர், "யாருண்ணே இது, விளம்பரத்துல வர்ற பொண்ணா?" என்றார். பெருமையாய்த் திரும்பிப் பார்த்தேன். வாத்து உள்ளே போய்விட்டாள். பதினொன்று முடிந்ததும் வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு கவலை இருக்கிறது, உன்னிடம்தான் கேட்கமுடியும். பத்து நாளாக நீச்சலுக்கு வரமாட்டேன் என்கிறாள். பத்திரிகைகளிலிருந்து பெண்பிள்ளைகள் படமாக வெட்டி நோட்டில் ஒட்டுகிறாள். என் பஸ்ஸுக்குப் பின்னாலும் இப்போது ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள், குழந்தைகள் துணிக்கடை. ஏழெட்டு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. உதட்டுச்சாயமும் உயரச் செருப்புமாக, முப்பது வயதுக்காரி மாதிரி அலட்சியமாகச் சிரிக்கிறாள். அவளை முதுகில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் திரிகிறவன் நான்தான் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. இதற்கெல்லாம் பெற்றவர்கள் என்ன செய்யவேண்டும்? நீ போட்டோ ஸ்டூடியோவில் இருக்கிறவள், பெண்ணும்கூட. சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

கழுத்து இருக்கிற இடத்தில் இருக்கிறது, திருப்பினால்தான் தகராறு. உன் முழங்காலும் என் கழுத்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், சொன்னபடி கேட்காது. கடிதமே எழுதுவோம் என்று நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். போனில் என்றால் மூன்றாவது நிமிடம் நீ கத்துவாய், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுவேன்.

முதலில் பதறாதே. பதினொரு வயதில் கண்ணாடி பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் "எவ்வளவு அழகா இருக்கே" என்று ஆரம்பிப்பதை நிறுத்து. "இன்னிக்கு எத்தனை சுத்து நீந்தினே?" என்று கேட்கச் சொல். விளம்பரம் வந்தால் டிவியை அணைக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து பார். "இவங்க நமக்கு என்ன விக்கப் பாக்கறாங்க?" என்று அவளையே கேள். படத்தில் தெரிவதெல்லாம் நிஜமில்லை என்று சொல். உன் அத்தையே சொல்கிறாள் என்று சொல். நர்ஸம்மா கண்ணாடி முன்னால் நின்று "குண்டாயிட்டேன்" என்று புலம்புவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். பிள்ளை அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

பாடம் நடத்திய இந்த மாஸ்டருக்குச் சம்பளம் வேண்டாம், வாத்தின் கன்னத்தில் ஒரு முத்தம் போதும்.

அந்த பஸ் விளம்பரத்தில் என்ன நிறச் சட்டை?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கழுத்துக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொல்கிறாள் நர்ஸ்.

உன் பாடத்தை நடத்தினேன். டூத் பேஸ்ட் விளம்பரம் வந்தது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, "இவங்க நமக்கு என்ன விக்கப் பாக்கறாங்க?" என்று கேட்டேன். "டூத் பேஸ்ட்டுப்பா" என்றாள். "அதுக்கும் மேல? நல்லா யோசிச்சுப் பாரு." யோசித்துவிட்டு, "பிரஷ்ஷு" என்றாள். என் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறி, நான்தான் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

விடவில்லை நான். "படத்துல இருக்கறதெல்லாம் நிஜமில்ல, உங்க அத்தையே சொல்றா" என்றேன். "எந்தப் படத்தச் சொல்றாங்க அத்தை?" என்று கேட்டாள். "எல்லாப் படத்தையும்தான்." சுவரில் மாட்டியிருக்கிற தன் படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்று. இப்போதெல்லாம் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். முன்பல்லுக்குக் கம்பி கட்டமுடியுமா, எத்தனை நாளில் சேரும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்த இடுக்கு உன்னுடையது அக்கா! அவளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் வந்தபோது "என் பல்லு வந்துடுச்சு, என் பல்லு வந்துடுச்சு" என்று நீ நான்கு பக்கம் எழுதினாயே, அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரே ஆறுதல், நீ அனுப்பிய படத்தின் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். தினம் காலையில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரே போய் நிற்கிறாள். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறாள். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தால்தான் நகர்வாள்.

மஞ்சள் சட்டை. தோளில் பட்டாம்பூச்சி. ஏன் கேட்டாய்?

அன்புத் தம்பி

*

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? முழங்கால் எப்படி? நர்ஸம்மாவுக்குப் புரையேறியது சரியாகிவிட்டதா? வாத்து நன்றாகச் சாப்பிடுகிறாளா? இங்கே வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் கழற்றி வையேன். அந்தச் சுவரில் வெயில் படும், கலர் போய்விடும்.

பல்லுக்குக் கம்பி எல்லாம் வேண்டாம். நர்ஸம்மாவிடம் சொல், கட்டாயம் வேண்டாம்.

வேறு விசேஷமில்லை. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து உனக்குத்தான் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டோம். ஆறு வாரம் கழித்து ஏழு வரியா? கழுத்தா, வேறு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

நம் ஹாலில் வெயில் எங்கே வருகிறது? பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தான் செருப்பைத் தேடுகிறோம். கழற்றலாம் என்று ஸ்டூலைப் போட்டால் வாத்து வந்து நின்று, "வேணாம்ப்பா, நான் பாக்கணும்" என்கிறாள். அப்போதுதான் என் பெண்டாட்டி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "தாடையில தையல் தழும்பு எங்கங்க?" என்றாள். குளத்துப் படியில் விழுந்தபோது மூன்று தையல் போட்டார்களே, அது. "லைட்டிங்கா இருக்கும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீச்சல் சொல்லித்தரும் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "போன வருஷம் இவளத் தண்ணிக்குள்ளேர்ந்து வெளிய இழுக்கத்தான் கஷ்டப்பட்டேன். இப்ப உள்ள இறக்க முடியலையே" என்று வருத்தப்பட்டார். மே கடைசியில் பள்ளிகளுக்கிடையே போட்டி. அந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் பெயர் கொடுக்கவேண்டுமாம். இந்த வருடம் விட்டால் குழுவில் வேறு பெண்ணைச் சேர்த்துவிடுவார்கள்.

டீச்சர் போனபிறகு நான் கேட்டேன், "ஏம்மா போகமாட்டேங்கறே?" என்று.

"எல்லாரும் பாப்பாங்கப்பா."

"எதை?"

"என்னைத்தான்."

எட்டு வயதில் எதிர் வரிசைப் பையனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக் குதித்தவள் அக்கா அவள். எனக்கு பஸ் ஓட்டத் தெரியும், இதற்கு வழி நீதான் சொல்லவேண்டும்.

தம்பி

*

ஏப்ரல் 5

என் தம்பிக்கு,

காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு படி. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் செய்த காரியத்தைச் சொல்லத் தைரியமில்லாமல்தான் ஆறு வாரம் போயிற்று.

பிறந்தநாள் படம் அனுப்பிய அன்று காலையிலிருந்து நாற்பத்தொரு படம் முடித்திருந்தேன். எல்லாம் குழந்தைகள் துணிக்கடையின் கேட்டலாக். ஒவ்வொரு படத்தோடும் ஒரு வேலைச் சீட்டு வரும். பல், தோல், தோள், இடுப்பு, உதடு என்று வரிசையாக அச்சடித்திருக்கும். எதிரே கடைக்காரர்கள் எழுதியிருப்பார்கள்: இடைவெளி மூடு, தழும்பு எடு, மெலிதாக்கு, நிறம் ஏற்று. எட்டு வயதுக் குழந்தைக்கு! முதல் வருடம் சீட்டைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிடுவேன். இது பதினாறாவது வருடம், இப்போது டீ குடித்துக்கொண்டே செய்கிறேன்.

நாற்பத்திரண்டாவதாக வாத்தின் படத்தைத் திறந்தேன். அதற்குச் சீட்டு கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரிதாக்கி பிரிண்ட் போட்டால் போதும். என் கை அது பாட்டுக்குப் போயிற்று தம்பி. பல்லிடுக்கை மூடினேன். தாடைத் தழும்பை எடுத்தேன். நீந்தி நீந்தி வந்த அந்தத் தோள் இரண்டையும் ஒரு விரல் அளவு குறைத்தேன். முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக நினைத்தேன். அட்டைப்பெட்டிக்கு நானே டேப் ஒட்டினேன். பிரஷ்ஷோடு வந்து அவள் எதிரே நிற்கிறாள் என்று நீ எழுதினாயே, அந்த வரியைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. பிரியத்தால் நிற்கவில்லை அவள். ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் சட்டைப் பெண்ணும் என் கைவேலைதான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு உனக்கு மாஸ்டர் மாதிரி பாடம் எழுதினேன் பார், அதை நினைத்தால் கூசுகிறது.

நம் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார். நான் வாய் திறந்து சிரித்த படம் ஒன்றாவது இருக்கிறதா? இருக்காது. எனக்கு யாரும் சீட்டு எழுதித் தரவில்லை, நானே எழுதிக்கொண்டேன். அவளுக்கு அதே பல் வந்தபோது நான் துள்ளியது நிஜம். கடைசியில் அதை அவள் வாயிலிருந்து எடுத்தவளும் நான்தான்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி கிடையாது. அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

அவர் எழுதமாட்டார் போலிருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மடித்து டிரைவர் பையில் வைத்துக்கொண்டு தினம் வேலைக்குப் போகிறார், வருகிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார், அதனால் பயப்படவேண்டாம். கோபத்தில் பாதிதான் உங்கள்மேல். மூன்று மாதம் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும், தன் பெண்ணின் பல்லிடுக்கு காணாமல் போனது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் மீதிப் பாதி. "நான் என்னத்த அப்பன்?" என்று ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

நான் ஒன்றை மறைத்தேன் அண்ணி. எனக்குப் படம் வந்த அன்றைக்கே தெரியும். அந்தத் தையல் போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், அந்தத் தழும்பு எங்கே இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பெட்டியைப் பிரித்ததும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அட, இப்படியும் அழகாகத்தான் இருக்கிறாள்" என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மார்ச் மாதம் அவரிடம் கேட்டது அதிசயப்பட்டு இல்லை, மனது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான். நாள் முழுக்கப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள், என் வீட்டுப் புண்ணைப் பார்த்தும் மூடி வைத்தேன். ஆக, நீங்கள் ஒருத்தர் மட்டும் தலையில் போட்டுக்கொள்ளவேண்டாம்.

ஆனால் எங்களிடம் சொன்னால் போதாது. அவளிடம் சொல்லுங்கள். புத்தி சொல்லாதீர்கள், அது இங்கே தினம் மூன்று வேளை நடக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி மனைவி

*

ஏப்ரல் 30

என் வாத்துக்கு,

எப்படி இருக்கிறாய்? அம்மா, அப்பா, உங்கள் ஹாலில் ஆடிக்கொண்டு நிற்கிற அந்த ஒற்றைக்கால் மேஜை எல்லோரும் நலமா?

உன் பிறந்தநாள் படத்தில் நான் மூன்று இடத்தில் கைவைத்தேன். எந்த மூன்று என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன்னைக் கேட்கவில்லை. உன் பல்லும் தாடையும் தோளும் நன்றாக இல்லை என்று நினைத்துச் செய்யவில்லை. நினைக்காமலே செய்தேன். எங்கள் ஸ்டூடியோவில் எல்லாக் குழந்தைக்கும் செய்து செய்து, கை அப்படியே பழகிவிட்டது. தப்பு. மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். உடனே மன்னிக்கவேண்டும் என்றில்லை.

உறைக்குள் உன் நிஜப் படம் இருக்கிறது. அப்பா எடுத்தது எடுத்தபடி.

கூடவே என் முகம் இரண்டு. ஒன்று போன வாரம் பக்கத்து மேஜைக்காரர் எடுத்தது. வாயைத் திறந்து சிரிக்கிறேன் பார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை, அதனால் கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கும். இன்னொன்று அதே படம், கடைக்காரர்கள் எனக்குச் சீட்டு எழுதியிருந்தால் எப்படி வரும் என்று நானே செய்தது. பேப்பரில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பாயே, அதே விளையாட்டு. இதில் பதினான்கு இருக்கிறது. கண்டுபிடித்து எழுது.

உன் அத்தை

*

மே 8

அத்தைக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா இப்போது கொஞ்சம் பேசுகிறார். மேஜையும் நலம், ஆனால் அதற்கு ஒற்றைக்கால் இல்லை, மூன்றரைக் கால்.

பதினான்கு இல்லை, பதினைந்து. நீங்கள் காது மடலை எண்ணவில்லை. அந்த இரண்டாவது படத்தில் இருக்கிறவங்க யார் என்று அப்பாவைக் கேட்டேன். "பேங்க்ல வேலை செய்யற யாரோ" என்றார். அம்மா சிரித்ததில் மறுபடி புரையேறிவிட்டது.

உங்கள்மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. கை தானாகச் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கை உங்களுடையதுதானே? அந்தப் படம் வந்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அத்தைக்கும் இதே பல்தானே, அத்தைக்கே பிடிக்கவில்லை என்றால் இது நிஜமாகவே அசிங்கம்தான் போல என்று நினைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து அழகு அழகு என்றார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். யாரும் "இது நீ இல்லையே" என்று சொல்லவில்லை. சரி, எல்லோருக்கும் அவளைத்தான் பிடித்திருக்கிறது, நான் தண்ணீரிலிருந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் போகவில்லை. இதை அப்பாவிடம் சொல்லாதீர்கள், அழுதுவிடுவார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பயந்த மாதிரி சிரிக்கிற படத்தில் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். அதை என் நோட்டில் ஒட்டிக்கொண்டேன். மற்றதை அம்மா மருந்து டப்பாவுக்கு அடியில் போட்டிருக்கிறாள்.

ஒரு கேள்வி. அப்பா பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற பெண்ணுக்கும் நீங்கள்தான் செய்தீர்களாமே, அப்பா சொன்னார். அவளிடமும் சொல்லிவிட்டீர்களா?

வாத்து

*

மே 22

என் வாத்துக்கு,

என் கழுத்து இப்போது இடது பக்கம் நன்றாகத் திரும்புகிறது. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் எழுது.

உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தது. பதில் இல்லாத கேள்வி கேட்டால் பெரியவர்களுக்கு அப்படித்தான் எரிச்சல் வரும். பிறகு அந்தப் பெண்ணின் நிஜப் படத்தை எடுத்துப் பார்த்தேன். எடுத்த அன்று அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. வேறொரு குழந்தையின் படத்திலிருந்து ஒரு பல்லை எடுத்து அங்கே வைத்திருக்கிறேன். நீ ஊரெல்லாம் பார்க்கிற அந்தச் சிரிப்பில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் முகத்தில் ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரியும், அவளை அதுவரை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

அடுத்த படப்பிடிப்பு அன்று கீழ்த்தளத்தில் போய்க் காத்திருந்தேன். அம்மாவோடு வந்தாள். நிஜப் பிரிண்ட்டைக் கொடுத்தேன். ஓட்டைப் பல்லைப் பார்த்ததும், "அம்மா, அன்னிக்கு விழுந்துச்சே! பஸ்ல பாக்கறப்ப இதக் காணோமேன்னு நெனச்சேன்" என்று கத்தினாள். அந்தம்மா என்னை ஒருமாதிரி பார்த்தார். நன்றியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் படத்தை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், பிள்ளைகளின் பல்லையும் உடம்பையும் இனி நான் தொடமாட்டேன் என்று. "நீங்க தொடலைன்னா இன்னொருத்தர் தொடுவாரு" என்றார். அது உண்மைதான் வாத்து. அந்த வேலை இப்போது பக்கத்து மேஜையில் நடக்கிறது. என்னைப் பாத்திரக் கடைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க குக்கருக்குப் பளபளப்பு ஏற்றுகிறேன். இடுப்பு பெருத்திருக்கிறது என்று ஒரு குக்கரும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. கேட்கமாட்டேன். பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது எனக்கும் தெரியும்.

அப்பாவிடம் சொல், அவர் எழுதாவிட்டாலும் நான் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று.

உன் அத்தை

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? கழுத்து வலது பக்கமும் திரும்புகிறதா? முழங்காலைப் பற்றி அடுத்த தடவை விவரமாக எழுதுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதம் இரண்டு மாதம் என் பையிலேயே இருந்தது. மடிப்பில் கிழிந்துவிட்டது. திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். டெப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் பின்னால் அந்த மஞ்சள் சட்டைக் குழந்தை நிற்கும். அவளைப் பார்த்து எத்தனை முறை எரிச்சல்பட்டிருக்கிறேன்! அவளும் ஒரு வீட்டு வாத்துதானே, அவள் என்ன செய்தாள்? உன்னைத் திட்டலாம் என்றால் என் பெண்ணின் சிரிப்பை அடையாளம் தெரியாத என்னை யார் திட்டுவது? அதனால் இரண்டு பேரையும் விட்டுவிட்டேன். நீ எழுதாமல் இருந்த ஆறு வாரமும் நான் எழுதாமல் இருந்த இரண்டு மாதமும் போதும் அக்கா. இனி சண்டை வந்தால் போனிலேயே போடுவோம், சீக்கிரம் முடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிரித்த படம் வந்த நாலாம் நாள் வாத்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பிறந்தநாள் படத்தைத் தானே கழற்றினாள். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. பதினான்காம் தேதி மாலை, பஸ்ஸை நிறுத்திவிட்டு வருகிறேன், வாசலில் துண்டும் பையுமாக நிற்கிறாள். "டீச்சர் போறதுக்குள்ள பேர் குடுக்கணும்ப்பா, சீக்கிரம்" என்றாள். உனக்கு உடனே எழுதுகிறேன் என்றேன். "போட்டி முடியட்டும், படத்தோட எழுதலாம்" என்று தடுத்துவிட்டாள். உன்னைக் கொஞ்சம் காக்கவைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நியாயம்தானே?

எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். நாலு மாதம் தண்ணீரைத் தொடாதவள், வேறு எப்படி வருவாள்? ஆறாவது என்று தெரிந்ததும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. என் பெண்டாட்டி என் தோளை அழுத்தி, "எடுங்க, எடுங்க" என்றாள். கண் மறைத்தது, சரியாகப் பிடித்தேனா என்றுகூடப் பார்க்காமல் எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கித் தா. உங்கள் ஸ்டூடியோ வழக்கப்படி வேலைச் சீட்டு வேண்டுமாமே, அதை வாத்தே எழுதிவிட்டாள். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

*

வேலைச் சீட்டு

படம்: நான்

பல்: இடைவெளி அப்படியே இருக்கவேண்டும்.

தாடை: தழும்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால் அம்மா திருப்பி அனுப்பிவிடுவாள்.

தோள்: குறைக்கக்கூடாது. இதை வைத்துத்தான் நீந்தினேன்.

கண்: சிவப்பாக இருக்கிறது. குளத்து மருந்து. அப்படியே.

அளவு: ஹாலில் ஒரு ஆணி இருக்கிறது, அதற்குப் பொருந்துகிற மாதிரி.

வேறு குறிப்பு: மூலையில் அப்பாவின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வேண்டாம் அத்தை. அதுவும் இருக்கட்டும்.